சீனாவிலிருந்து கென்யாவுக்கு: மாமனார் மாமியாரை அழைத்துப் போகும் முன்

வாசகர் கேள்வி:

நான் தஞ்சாவூர்க்காரன். ஒன்பது வருடமாகக் குவாங்சௌவில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. மனைவி சீனப் பெண், செங்டு ஊர். மாமனாருக்கு 64 வயது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியாருக்கு 61. முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கென்யாவின் மாசாய் மாரா சரணாலயத்தில் விலங்குகள் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. வரும் ஆகஸ்டில் நாங்கள் ஐந்து பேரும் கிளம்பலாம் என்றிருக்கிறோம். மகளுக்கு இப்போது நாலரை வயது, சீன பாஸ்போர்ட், மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்தது. எனக்கு இந்திய பாஸ்போர்ட். மனைவியுடன் வேலை பார்ப்பவர் ஒருவர், "நைரோபியில் இறங்கி 50 டாலர் கட்டினால் விசா ஒட்டிக் கொடுப்பார்கள்" என்கிறார். இன்னொருவர், கென்யாவுக்கு இப்போது விசாவே கிடையாது என்கிறார். ஒரு முகவர், ஐந்து பேருக்கும் சேர்த்து 600 டாலர் கேட்கிறார். கென்யாவை முடித்துவிட்டு அப்படியே தான்சானியாவும் அதன் சான்சிபார் தீவும் போய்வரலாமா? மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? பெரியவர்களுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. என்னென்ன தயார் செய்ய வேண்டும் அக்கா?

பதில்:

அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமலே விட்ட ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. மகளின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சீனாவில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான், பெரியவர்களுக்குப் போல 10 வருடம் இல்லை. மூன்று மாதக் குழந்தைக்கு எடுத்தது என்றால் ஐந்தேகால் வயதில் காலாவதி ஆகிவிடும். ஆகஸ்டில் அவளுக்கு ஐந்து வயதை நெருங்கியிருக்கும். கணக்குப் போட்டால் மிச்சம் ஐந்து மாதம் தேறலாம். கென்யா கேட்பது, நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம். குழந்தைக்கு என்று சலுகை எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை, மகளுக்குப் புது பாஸ்போர்ட். பொதுப் பாதுகாப்புத் துறையின் வெளியேறல்-நுழைவு அலுவலகத்தில் கட்டணம் 120 யுவான்தான். ஆனால் தந்தை வெளிநாட்டவர் என்பதால் குழந்தையின் குடியுரிமை பற்றிக் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்கக்கூடும். சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பிறப்புச் சான்று, திருமணச் சான்று இரண்டின் அசலையும் கொண்டுபோங்கள். புது பாஸ்போர்ட்டில் எண்ணும் புதிதாக இருக்கும். விமானச் சீட்டு, கென்ய அனுமதி எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை எதையும் பதிவு செய்யாதீர்கள். விலை ஏறிவிடும் என்று மனம் அடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களிடம் பேசிய இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் சொன்னது பழைய நடைமுறை. ஒரு காலத்தில் சீனப் பயணிகள் நைரோபி விமான நிலையத்தில் வரிசையில் நின்று பணம் கட்டி விசா வாங்கியது உண்மை. பிறகு அது இணைய விசாவாக மாறியது. 2023 டிசம்பர் 12, கென்யக் குடியரசு நாளன்று, அதிபர் வில்லியம் ரூட்டோ உலகின் எந்த நாட்டவருக்கும் இனி விசா தேவையில்லை என்று அறிவித்தார். 2024 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தது. இரண்டாமவர் அந்தத் தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டார். விசா போன இடத்தில் 'மின் பயண அனுமதி' என்று ஒன்று வந்தது. இ-டிஏ என்பார்கள். கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஒப்புதல் வாங்கியாக வேண்டும். பெயர்தான் மாறியிருக்கிறது. அது இல்லாமல் குவாங்சௌவிலேயே உங்களை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். உங்களைத் தடுக்கக்கூடியவர் நைரோபி குடிவரவு அதிகாரி அல்ல, குவாங்சௌவின் பையுன் விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் பெண். அனுமதி இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் அவர்கள் எழுத்து எழுத்தாகப் பார்ப்பார்கள்.

இ-டிஏ கட்டணம் ஆளுக்கு 30 டாலர், அட்டைக் கட்டணமாகச் சில்லறை சேரும். குழந்தைக்கும் தனி அனுமதி உண்டு. ஐந்து பேருக்கு 150 டாலரும் கொஞ்சமும். உங்கள் முகவர் 600 கேட்கிறார் என்றால் மிச்சம் எதற்கு என்று கேளுங்கள். படிவம் நிரப்ப முகவர் வேண்டியதில்லை, நீங்களே அரை நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆனால் சரியான தளத்தில் உட்காருங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். கென்யக் கொடி, சிங்கப் படம், அரசு முத்திரை மாதிரி ஒன்று எல்லாம் போட்டு அசல் போலவே இருக்கும். கென்ய அரசுத் தளத்தின் முகவரி ஜி-ஓ, புள்ளி, கே-ஈ என்று முடியும். அப்படி முடியாத எதிலும் பாஸ்போர்ட் படத்தை ஏற்றாதீர்கள்.

சாதாரணமாக மூன்று வேலை நாளில் பதில் வரும். நான் என்னிடம் வருபவர்களுக்குப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே போடச் சொல்வேன். ஏதாவது தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினால் சரிசெய்ய நேரம் இருக்க வேண்டுமே. கேட்பவை அதிகமில்லை: பாஸ்போர்ட்டின் முகப் பக்கம், முகம் தெளிவாகத் தெரியும் படம், போக வர விமான விவரம், தங்கும் இடத்தின் பதிவு. பாஸ்போர்ட்டில் ஒரு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். உங்களுக்கும் இதே நடைமுறைதான், இந்திய பாஸ்போர்ட் என்பதால் கூடுதலாக எதுவும் இல்லை.

எளிதாகத்தான் தெரிகிறது. தவறு நடப்பதெல்லாம் பெயரில். பல வருடங்களுக்கு முன் ஹாங்சௌவிலிருந்து ஒரு வயதான தம்பதிக்கு நான் காகிதம் தயார் செய்தேன். அந்த அம்மாவின் குடும்பப் பெயர் ல்யூ. உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்த 'யூ' ஒலிக்கு ஆங்கிலத்தில் நேர் எழுத்து கிடையாது. கணினியில் சீனம் அடிப்பவர்கள் அதற்கு 'வி' விசையைத் தட்டிப் பழகியவர்கள், அதனால் பெயரை எல்-வி என்றே எழுதிவிடுவார்கள். பழைய பாஸ்போர்ட்டுகளிலும் அப்படியே இருந்தது. 2012க்குப் பிறகு வந்த புது பாஸ்போர்ட்டில் அதே பெயர் எல்-ஒய்-யூ என்று அச்சாகிறது. மகன் பழைய பாஸ்போர்ட்டின் நகலை அனுப்பியிருந்தார், நானும் அதை வைத்தே சீட்டுப் போட்டுவிட்டேன். விமான நிலையத்தில் அந்தப் பெண் பாஸ்போர்ட்டையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் நுனியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்து, இரண்டாவது எழுத்தில் நிறுத்தினாள். அந்த அம்மாவுக்கு என்ன பிரச்சினை என்றே புரியவில்லை. தன் பெயரைத்தானே எழுதியிருக்கிறது, தான்தானே நிற்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அன்றைய விமானம் போய்விட்டது. தவறு என்னுடையது. அன்றிலிருந்து பாஸ்போர்ட்டை நேரில் பார்க்காமல் நான் எதையும் நிரப்புவதில்லை.

உங்கள் வீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, செய்ய வேண்டியது ஒன்றுதான். பாஸ்போர்ட்டின் முகப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும் அல்லவா? அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள், ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள். சீனப் பெயரில் இரண்டு எழுத்துள்ள சொந்தப் பெயரைச் சேர்த்தே எழுதுவார்கள், நடுவில் இடம் விட்டுப் பிரிக்க வேண்டாம். பிறந்த நாளையும் பாருங்கள். மாமியார் தலைமுறையில் பலர் கொண்டாடுவது சந்திரக் கணக்குப்படி வரும் நாளை. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள தேதிதான் வர வேண்டும். சீனாவில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிப் பழக்கம். கென்யாவில் நம்மூர் போல நாள் முதலில் வரும். ஐந்தாம் மாதம் எட்டாம் தேதி, எட்டாம் மாதம் ஐந்தாம் தேதியாக மாறிவிடப் பார்க்கும்.

உங்கள் பெயரையும் விடவில்லை. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்க நிறைய வாய்ப்பு. அப்படியென்றால் விமான நிறுவனம் சீட்டில் உங்கள் பெயரை எப்படிப் பிரித்துப் போடுகிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, அனுமதிப் படிவத்திலும் அதே மாதிரி நிரப்புங்கள். உங்கள் பெயரும் மனைவி பெயரும் மகள் பெயரும் வெளியாள் கண்ணுக்கு ஒரே குடும்பம் போலத் தெரியாது. மகளின் பிறப்பு மருத்துவச் சான்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு கைப்பையில் வையுங்கள். கேட்காமலும் போகலாம். கேட்டால் அதைத் தவிர வேறு எதுவும் உதவாது.

இப்போது தான்சானியா. இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த முறை வேண்டாம்.

காரணம் விசா அல்ல. தான்சானியாவுக்குத் தனி விசா வேண்டும், இணையத்திலேயே 50 டாலருக்கு வாங்கிவிடலாம். ('கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா' என்று 100 டாலருக்கு ஒன்று இருக்கிறதே என்பார்கள். அது கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும்தான். தான்சானியா அதில் சேரவில்லை.) சான்சிபாருக்குள் நுழைய 2024 அக்டோபரிலிருந்து அரசுக் காப்பீட்டு நிறுவனத்திடம் 44 டாலருக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், வேறு காப்பீடு வைத்திருந்தாலும் சரி. இவையெல்லாம் பணத்தால் தீர்பவை. தீராதது மஞ்சள் காய்ச்சல் ஊசி.

சீனாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. குவாங்சௌவிலிருந்து நேரே நைரோபிக்குப் பறக்கும் உங்களிடம் கென்யா அந்த ஊசிச் சான்றைக் கேட்பதில்லை. ஆனால் கென்யா அந்த நோய்க்கான அபாயப் பட்டியலில் இருக்கும் நாடு. அங்கே நாலு நாள் தங்கிவிட்டுத் தான்சானியாவுக்குள் போனால், சான்று எங்கே என்று எல்லையில் கேட்பார்கள். மாராவில் நிற்கும் விலங்குக் கூட்டம் அப்படியே எல்லை தாண்டித் தான்சானியாவின் செரங்கெட்டிக்குள் நடந்து போய்விடுகிறது. வண்டியில் போகும் நீங்கள் சுற்றிக்கொண்டு இசெபானியா எல்லைச் சாவடிக்கு வந்து, காகிதம் காட்டித்தான் போக வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டால் போயிற்று என்று நினைக்கலாம். உங்களுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அது சரி. பெரியவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்ட தடுப்பூசி. 60 வயதைத் தாண்டி முதல்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். அதற்குமேல் உங்கள் மாமியார் முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் பல, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பவை. அப்படிப்பட்ட மருந்தில் இருப்பவருக்கு உயிருள்ள தடுப்பூசி போடக்கூடாது. நான் மருத்துவர் இல்லை. அதனால் போடலாமா கூடாதா என்று நான் சொல்லக்கூடாது, நீங்களும் முடிவு செய்யக்கூடாது. அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? சீனாவில் இந்த ஊசியைப் போடுவது சுங்கத்துறையின் கீழ் வரும் சர்வதேசப் பயண சுகாதார மையங்கள். ஊசி போட்டதும் மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று தருவார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும், செல்லத் தொடங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஊசி ஆகாது என்று மருத்துவர் முடிவு செய்தால், ஆகாது என்பதற்கான சான்றை எழுதித் தருவார்கள். இந்த மையத்துக்கு ஐந்து பேரும் போய்த்தான் ஆக வேண்டும். தான்சானியாவை விட்டாலும் போக வேண்டும். ஏனென்றால் கென்யா போன்ற அபாய நாட்டிலிருந்து திரும்பி வருபவர்களிடம் சீனாவும் அந்தச் சான்றைக் கேட்கிறது. 9 மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அந்த விதி பொருந்தும்.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. சீனாவுக்குத் திரும்பும்போது, ஊசி ஆகாது என்று எழுதிக் கொடுத்த அதே சுங்கத்துறையின் முன்னால்தான் பெரியவர்கள் நிற்பார்கள். தங்கள் மையம் கொடுத்த காகிதம் அவர்களுக்குப் புரியும். தான்சானிய எல்லையில் அதே காகிதத்தை ஏற்பதும் ஏற்காததும் அன்றைக்கு மேசையில் இருக்கும் அதிகாரியின் விருப்பம். விலக்குச் சான்றை ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்த நாட்டுக்கும் இல்லை. மொழி தெரியாத ஊரில், வெயிலில், 61 வயதுப் பெண்ணை அந்த நிலையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு இன்னொன்று. நைரோபியிலிருந்து நேரே தஞ்சாவூர் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் இருந்தால், ஊசி போடாமல் போகவே போகாதீர்கள். அபாய நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னையில் இறங்கிய பிறகு கெஞ்சிப் பயனில்லை. அதில் அவர்கள் கறார்.

மலேரியாவுக்குச் சான்று எதுவும் வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது சீனாவின் தூ யூயூ, 2015இல் நோபல் பரிசு பெற்றவர். உங்கள் மாமனாருக்கு அவர் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் சீனாவை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதனாலேயே, ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், செங்டு மருத்துவருக்கு மலேரியா என்ற நினைப்பு உடனே வராமல் போகலாம். "ஆப்பிரிக்கா போய்வந்தோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் சொல்லி வையுங்கள். தடுப்பு மாத்திரை பற்றியும் அதே சுகாதார மையத்தில் கேளுங்கள். மாமியாரின் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தருவார்கள்.

மருந்து என்றதும் ஒரு எச்சரிக்கை. பெரியவர்கள் பெட்டியில் சீன நாட்டு மருந்து இல்லாமல் இருக்காது. ஒவ்வொரு டப்பாவின் உட்பொருளையும் மனைவியை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். எறும்புண்ணிச் செதில், மான் கஸ்தூரி என்று விலங்குப் பொருள் சேர்ந்த எதுவும் கென்யாவுக்கு வரக்கூடாது. அழுங்கு என்று நாம் சொல்லும் எறும்புண்ணியின் எல்லா இனங்களுக்கும் சர்வதேச வணிகத் தடை உண்டு, சீனாவே 2020இல் தன் மருந்து நூல் பட்டியலிலிருந்து செதிலை நீக்கிவிட்டது. காட்டுயிர் விஷயத்தில் கென்யச் சட்டம் மிகக் கடுமையானது. திரும்பும்போதும் அப்படியே. சந்தையில் யாராவது வெள்ளையாக ஒரு வளையலையோ முத்திரைக் கட்டையையோ காட்டி, எலும்புதான் என்பார்கள். தொடவே வேண்டாம். யானைத் தந்த வணிகத்தைச் சீனா 2017 முடிவோடு உள்நாட்டிலும் மூடிவிட்டது. இரண்டு பக்கமும் குற்றம்.

மாமியார் துணிகளைத் தனித்தனியாக பிளாஸ்டிக் பையில் சுருட்டி அடுக்குபவராக இருந்தால், அந்தப் பழக்கத்தையும் இந்த ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. தேசியப் பூங்காக்கள், சரணாலயங்களுக்குள் ஒருமுறை குடித்துவிட்டு எறியும் தண்ணீர் பாட்டிலுக்கும் 2020 ஜூனிலிருந்து தடை. வெந்நீர் ஃபிளாஸ்க் கையில் இல்லாமல் அவர்கள் எங்கும் கிளம்பமாட்டார்கள் அல்லவா? அதை விமான நிலையப் பரிசோதனைக்குக் காலியாகக் கொண்டுவந்தால் போதும். ஆகஸ்டில் நைரோபி குளிரும். ஆப்பிரிக்கா என்றதும் மெல்லிய சட்டையாக அடுக்கிவிடப் போகிறார்கள், ஆளுக்கொரு ஸ்வெட்டர் வைக்கச் சொல்லுங்கள்.

செலவில் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நான் பயப்படுவது மாராவின் நுழைவுக் கட்டணம். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். நாலு பெரியவர், மூன்று நாள் என்றால் 2400 டாலர், அதுவும் வண்டியும் விடுதியும் சேராமல். சுற்றுலா நிறுவனம் சொல்லும் விலையில் இது அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்க வேண்டும். மாராவிலிருந்து நைரோபி வரை சாலையில் அரை நாள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையைப் பயன்படுத்தும் காப்பீடா என்று கேளுங்கள். இரண்டு பெரியவர்களை அழைத்துப் போகிறவர் இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது.

மொழிக்கு வருகிறேன். நீங்கள் கூடவே இருப்பீர்கள் என்று நினைப்பீர்கள். குடிவரவு மேசையில் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள், குழந்தை அழுதால் நீங்கள் ஒரு வரிசையில், மாமனார் இன்னொரு வரிசையில். ஆளுக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். மேலே ஆங்கிலம், கீழே சீனம். பெயர், எத்தனை நாள், எந்த விடுதி, திரும்பும் விமானம், கூட வரும் மகள் மருமகனின் பெயரும் கைபேசி எண்ணும். அதோடு இ-டிஏ அச்சுப் பிரதி, விடுதிப் பதிவு, திரும்பும் சீட்டு, ஊசிப் புத்தகம் அல்லது விலக்குச் சான்று, எல்லாம் ஓர் உறையில், அவரவர் கையில். எல்லோருடையதையும் உங்கள் பையில் திணித்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் கைபேசியில் இருக்கிறது என்பதும் வேண்டாம், இறங்கும்போது பேட்டரி தீர்ந்திருக்கும். தாளின் பின்பக்கம் சீனத் தூதரக உதவிக்கான 12308 எண்ணை, முன்னால் 86-10 சேர்த்து, பெரிதாக எழுதுங்கள். எந்த நாட்டிலிருந்து கூப்பிட்டாலும் சீன மொழியிலேயே பதில் சொல்வார்கள்.

தான்சானியா வேண்டாம் என்று சொல்லி உங்கள் நாலைந்து நாளைப் பறித்துவிட்டேன். அதற்கு ஒரு மாற்றும் சொல்கிறேன், உங்கள் மாமனார் ரயில்வேக்காரர் என்று படித்ததுமே தோன்றியது. நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்குப் புது ரயில் பாதையில் போங்கள். சீன நிறுவனம் கட்டியது, 2017 மே 31 அன்று ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 470 கிலோமீட்டர். நடுவே சாவோ தேசியப் பூங்காவைக் கடந்து போகிறது. விலங்குகள் கடந்து போகப் பாதையை உயர்த்தித் தூண் மேல் கட்டியிருக்கிறார்கள். செம்மண்ணில் புரண்டு செங்கல் நிறத்தில் நிற்கும் யானைகளை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். விசா வேண்டாம், எல்லை இல்லை, ஊசிச் சான்று கேட்க ஆள் இல்லை. சீட்டுக்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும், நிலையத்தில் பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்லி மோப்ப நாயைவிட்டுச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். சோதனைக்கென்று ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

மொம்பாசாவில் போர்ச்சுகீசியர் கட்டிய ஜீசஸ் கோட்டை இருக்கிறது. அதற்கு வடக்கே கடற்கரையோரம் மலிந்தி. அந்த ஊரிலிருந்துதான் 1415இல் சீனப் பேரரசருக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி காணிக்கையாகப் போனது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் போய்வந்த காலம் அது. அதே செங் ஹே இலங்கையின் காலி நகரில் நிறுத்திய கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். ரயிலில் மாமனாரோடு பேச உங்களுக்கு ஒரு விஷயம் ஆயிற்று.

காலை ரயிலைப் பிடியுங்கள். மொம்பாசாவை நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலை மாமியாருக்குக் கொடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் அந்தப் பக்கம் கிளிமஞ்சாரோ தெரியும். மலை தான்சானியாவில் இருக்கிறது, பார்ப்பதற்கு எந்தக் காகிதமும் தேவையில்லை. மகளின் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மற்ற தேதிகளை அதற்கேற்ப முடிவு செய்யலாம்.